சக்கரம் வைத்தால் வீடு வண்டியாகிவிடுமா?

தீபாவளி முடிந்த மறுவாரம் மாமா தம் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "பாப்பா, நீதானே கட்டடக்கலை படிக்கிற. இது எப்படி இருக்குன்னு பாரு" என்றார்.

படத்தில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு கதவு, இரண்டு சன்னல், கூரையில் இரண்டு சோலார் தகடுகள், அடியில் நான்கு சக்கரங்கள். விலை 32,000 வெள்ளி. விற்பவர் மாமாவிடம் சொன்னதாவது: "சக்கரம் இருக்கு அண்ணே. இது வீடு இல்ல, வண்டி. கவுன்சில் அனுமதியெல்லாம் தேவையே இல்ல." முன்பணம் கட்டப் பத்து நாள் தவணை கொடுத்திருந்தார்.

அந்தப் பெட்டி தாத்தாவுக்கு. எங்கள் தாத்தா செம்பனைத் தோட்டத்தில் 38 ஆண்டுகள் வேலை செய்தவர். வேலை ஓய்வுக்குப் பிறகும் அவரும் பாட்டியும் அதே தோட்ட வீட்டில்தான் இருந்தார்கள். காரணம், சின்ன மாமா அங்கே வேலையில் இருந்தார். இப்போது சின்ன மாமாவுக்குக் கிள்ளானில் தொழிற்சாலை வேலை கிடைத்துவிட்டது. தோட்டத்தில் வேலை இல்லையென்றால் தோட்ட வீடும் இல்லை. ஆறு மாதத்தில் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பெரிய மாமாவுக்கு ஜெஞ்சாரோம் பக்கத்தில் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. விவசாய நிலம், செம்பனை நட்டிருக்கிறார். தண்ணீர்க் குழாய் சாலையோரம் வரை வருகிறது. மின்கம்பம் கிட்டத்தில் இல்லை. அங்கே ஒரு சக்கர வீட்டைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது என்பது மாமாவின் கணக்கு.

தாத்தா கைப்பேசியை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, இந்த வீட்டுலருந்து யாரும் வந்து எங்கள காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கட்டடக்கலை படிக்கிறேன். சட்டப் புத்தகத்தைத் தேர்வுக்கு மட்டுமே திறந்திருந்தேன். அந்தப் பத்து நாள்களில்தான் அதை உண்மையாகப் படித்தேன். படித்ததில் எனக்குக் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டடம் என்றால் என்ன?

நம் நாட்டில் ஒரு வீடு எழும்பினால் மூன்று சட்டங்கள் அதைப் பார்க்கின்றன. தேசிய நிலச் சட்டம், அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அந்த இடத்தில் அந்த மேம்பாடு பொருந்துமா என்று கேட்கிறது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறது.

விற்பவர் சொன்ன "வண்டி" வாதத்துக்குப் பதில் மூன்றாவது சட்டத்தில் இருக்கிறது. அதில் 'கட்டடம்' என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கம் நாம் நினைப்பதைவிட அகலமானது. வீடு, குடிசை, கொட்டகை, கூரையிட்ட எந்த அடைப்பும் கட்டடம்தான். மனிதர் குடியிருந்தாலும் சரி, குடியிருக்காவிட்டாலும் சரி. சுவர், வேலி, மேடை, தூண்கூட அந்தப் பட்டியலில் வருகின்றன. அடித்தளம் இருந்தால்தான் கட்டடம் என்று அங்கே எழுதவில்லை. சக்கரம் இருந்தால் கட்டடமில்லை என்றும் எழுதவில்லை.

ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது அதே சட்டம். மீறினால் அபராதம் மட்டுமல்ல, அகற்றச் சொல்லி ஆணையிடவும் வழி இருக்கிறது. அதாவது, தாத்தா பயந்தது நடக்கலாம். தோட்டத்து நிர்வாகத்தின் கடிதத்துக்குப் பதிலாக நகராண்மைக் கழகத்தின் கடிதம் வரும்; அவ்வளவுதான் வேறுபாடு.

சக்கரம் எங்கிருந்து வந்தது?

சின்ன வீட்டுக்குச் சக்கரம் வைக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1999இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்பவர் தமக்காக மிகச் சிறிய வீடு ஒன்றைக் கட்டினார். அங்கிருந்த விதி, வீடென்றால் குறைந்தது இவ்வளவு பரப்பு வேண்டும் என்றது. அவருடைய வீடு அதைவிடச் சிறியது. எனவே அதை இழுவை வண்டியின்மேல் கட்டினார். ஊர் சுற்றுவதற்காக அல்ல, விதியைத் தாண்டுவதற்காகவே சக்கரம் வந்தது. அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் அப்படியே கட்டினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாதிரி வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில் சின்ன வீடுகளுக்கென்றே ஒரு பின்னிணைப்பு சேர்க்கப்பட்டது. 400 சதுர அடி, அதாவது 37 சதுர மீட்டர் வரையுள்ள வீடுகளுக்கு அது தனி அளவுகளைக் கொடுத்தது. அதை ஏற்றுக்கொண்ட ஊர்களில் சின்ன வீட்டை நிலத்திலேயே முறையாகக் கட்டலாம். ஒளிவதற்குச் சக்கரம் தேவையில்லை.

நியூசிலாந்தோ இந்தக் குழப்பத்துக்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு வண்டி நகர முடியாத நிலையில் இருந்து, அதில் மனிதர்கள் நிரந்தரமாகவோ நீண்ட காலமாகவோ குடியிருந்தால் அது கட்டடம் என்கிறது அங்குள்ள 2004ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம்.

மாமாவின் பெட்டியை எண்ணிப் பார்த்தேன். செம்பனைக் காட்டின் நடுவே அதை நிறுத்துவோம். கழிவறைக் குழாயை மண்ணில் புதைப்போம். தாத்தாவும் பாட்டியும் அதில் பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்வார்கள். அந்தச் சக்கரம் ஒரு முறைகூடச் சுழலப் போவதில்லை. அதை வண்டி என்று நாமே நம்ப மாட்டோம். அதிகாரி எப்படி நம்புவார்?

"நம்ம நிலம், நம்ம இஷ்டம்"

"அட, என் நிலத்துல நான் வைக்கிறதுக்கு எவன் பாப்பா கேக்கப் போறான்?" என்று மாமா கேட்டார். எனக்கு 2018 நினைவுக்கு வந்தது. அப்போது நான் படிவம் நான்கில் இருந்தேன்.

அந்த ஆண்டு சனவரியில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியது. உலகத்தின் பிளாஸ்டிக் குப்பையில் ஒரு பெரும் பங்கு மலேசியாவுக்குத் திரும்பியது. கோல லங்காட் மாவட்டத்தில், எங்கள் ஜெஞ்சாரோமைச் சுற்றிலும், அனுமதியில்லாத பிளாஸ்டிக் தொழிற்சாலைகள் முளைத்தன. பல செம்பனை மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தன. இரவில் எரிப்பார்கள். சன்னலை மூடிக்கொண்டு படித்தாலும் தொண்டை எரியும். ஊர் மக்கள் தொடர்ந்து புகார் கொடுத்த பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள். மாவட்டத்தில் 30க்கும் மேற்பட்ட சட்டவிரோதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஜெஞ்சாரோமின் பெயர் உலகச் செய்திகளில் வந்தது அதனால்தான்.

அந்த நிலங்களுக்கும் உரிமையாளர்கள் இருந்தார்கள். அவர்களும் "நம்ம நிலம்" என்றுதான் நினைத்திருப்பார்கள். விவசாய நிலம், கட்டட நிலம், தொழில் நிலம் என்று நிலச் சட்டம் மூன்றாகப் பிரித்து வைத்திருப்பது யாரையும் தொல்லைப்படுத்த அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் மூச்சு விடுவதற்கு என்று அன்று புரிந்தது. அதே விதி தொழிற்சாலைக்குப் பொருந்த வேண்டும், எங்களுக்கு மட்டும் பொருந்தக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. விவசாய நிலத்தில் வீடே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. நில உரிமையாளரோ, அங்கே சட்டப்படி இருப்பவரோ குடியிருக்க வீடு வைக்கத் தேசிய நிலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு இடம் தருகிறது. பட்டாவில் எழுதியிருக்கும் தனி நிபந்தனையைப் பார்க்க வேண்டும். திட்டமிடல் அனுமதியும் கட்டட வரைபட அனுமதியும் பெற வேண்டும். கதவு பூட்டியிருக்கவில்லை. நாங்கள் தட்டிப் பார்க்கவே இல்லை.

அளவுநாடாவோடு படித்த சட்டம்

அடுத்த கேள்வி: சட்டப்படி ஒரு வீடு எவ்வளவு சின்னதாக இருக்கலாம்?

இதற்கு 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டங்களைத் திறக்க வேண்டும். கட்டடக்கலை மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மனப்பாடம் செய்யும் எண்கள் அவை. வீட்டின் முதல் குடியிருப்பு அறை குறைந்தது 11 சதுர மீட்டர். இரண்டாவது இருந்தால் 9.3, அதற்கு மேல் ஒவ்வொன்றும் 6.5. அறையின் அகலம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. சமையலறை 4.5 சதுர மீட்டர். கழிவறையோடு சேர்ந்த குளியலறை 2 சதுர மீட்டர். கூரையின் உயரம் படுக்கையறைக்கும் வரவேற்பறைக்கும் 2.5 மீட்டர், சமையலறைக்கு 2.25, குளியலறைக்கு 2. சன்னல் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. காற்று தடையின்றி நுழையும் திறப்பு இருபதில் ஒரு பங்கு.

கூட்டிப் பாருங்கள். ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை: 11 + 4.5 + 2 = 17.5 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 188 சதுர அடி. இந்த எண்களின்படி பார்த்தால் சட்டம் சின்ன வீட்டுக்கு எதிரியே இல்லை. நம் தாமான் வீடுகள் பலவற்றின் வரவேற்பறையும் சாப்பாட்டு இடமும் சேர்ந்தால் வரும் பரப்புதான் இது.

இப்போது மாமாவின் பெட்டிக்கு வருவோம். அது 20 அடிக் கொள்கலன். அதன் உள் அளவு உலகம் முழுவதும் ஒன்றுதான்: நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. பரப்பு 13.9 சதுர மீட்டர். 17.5க்கு எட்டவில்லை. உயரமோ படுக்கையறைக்கு வேண்டிய 2.5 மீட்டருக்கு 11 சென்டிமீட்டர் குறைவு. இரண்டு பெட்டிகளைச் சேர்த்தால் பரப்பு போதும். ஆனால் உயரம் அப்போதும் இடிக்கும். சமையலறைக்கும் குளியலறைக்கும் அது பொருந்தும், படுக்க மட்டும் பொருந்தாது.

40 அடி உயரக் கொள்கலன் வேறு வகை. உள் உயரம் 2.69 மீட்டர், பரப்பு 28 சதுர மீட்டர். வெப்பத்தடுப்புப் பலகை அடித்த பிறகும் உயரம் 2.5ஐத் தாண்டும். வரைபடம் போட்டு அனுமதி பெற்றால் அது வீடாகலாம். எங்களுக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் சட்டமல்ல, பாதை. மாமாவின் நிலத்துக்குப் போகும் செம்மண் பாதையில் 40 அடி லோரி திரும்ப இடமில்லை.

இந்த எண்களைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சன்னல் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்த பழைய லயத்தில் அறைக்கு ஒரே ஒரு சின்னப் பலகைச் சன்னல்தானாம். விறகடுப்புப் புகை இரவெல்லாம் உள்ளேயே சுற்றுமாம். "எங்களுக்கு இந்தப் பத்துல ஒரு பங்கு யாரும் அளந்து குடுக்கல" என்றார். விதிகளின் எண்கள் மேசைமேல் பிறந்தவை அல்ல என்று அன்றுதான் எனக்குப் பட்டது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் புழுக்கத்தில் படுத்திருக்கிறார்.

எல்லாருக்கும் ஒரே எண் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் தங்குமிடங்களுக்கான 446ஆம் சட்டம் முன்பு தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும் இருந்தது. 2020 சூன் முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. அதன்கீழ் கூட்டு விடுதியில் ஒரு தொழிலாளருக்கு வேண்டிய குறைந்தபட்ச உறங்கும் இடம் 3 சதுர மீட்டர். ஒரு கதவின் பரப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "சின்ன வீடு" என்பது சிலருக்கு விருப்பம், சிலருக்கு விதி. இதை வடிவமைப்பாளர் மறக்கக்கூடாது.

பரமத்தி வேலூரிலிருந்து ஒரு பாடம்

சக்கர வீடே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த அருண் பிரபு என்ற இளம் கட்டடக் கலைஞர், 2019இல் சென்னையில் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவின்மேல் 36 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டினார். 'சோலோ .01' என்று பெயர் வைத்தார். படுக்க இடம், சமையல் மேடை, கழிவறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார் தகடு எல்லாம் அதற்குள் அடங்கின. செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் இந்திய ரூபாய். பழைய கட்டடங்களிலும் வாகனங்களிலும் கிடைத்த பொருள்களை மறுபடி பயன்படுத்தினார்.

அந்த வீட்டுக்குச் சக்கரம் பொருத்தம். இடம் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளி, தெருவோர வணிகர், பேரிடரில் வீடிழந்தவர் என்று நகர்பவர்களை எண்ணிச் செய்த வடிவமைப்பு அது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஶ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் நம் மக்கள் பள்ளிக்கூடத் தரையில் படுத்ததை நினைத்தால், இப்படிப்பட்ட தற்காலிக வீடுகளுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

தாத்தா நகர்பவர் அல்லர். வாழ்நாள் முழுக்க மற்றவர் சொல்லி நகர்ந்தவர். அவருக்கு வேண்டியது நிற்கும் வீடு. நாளை நிலத்தை விற்க நேர்ந்தால் வீட்டைக் கழற்றிக் கொண்டுபோக முடிய வேண்டும் என்பது மாமாவின் நிபந்தனை. இரண்டும் சேருமா?

சேரும் என்று இந்த மண் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. மலாய்க்காரர்களின் பழைய மரவீடுகள் ஆணியை அதிகம் நம்பாமல், ஒன்றுக்குள் ஒன்று செருகி ஆப்பு அடித்துப் பூட்டியவை. கிராமமே கூடி வீட்டைத் தோளில் தூக்கிப்போகும் வழக்கமும் இருந்தது. கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனரில் 'ருமா பெங்ஹுலு அபு செமான்' என்ற மரவீடு இருக்கிறது. கெடாவில் ஒரு கிராமத்தில் நின்ற அந்த வீட்டை 1996இல் மலேசியப் பாரம்பரிய அறவாரியம் பிரித்தெடுத்துத் தலைநகருக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டியது. அதில் சக்கரம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே எங்கள் வீட்டுக்குச் சக்கரத்துக்குப் பதில் போல்ட்டுகள். உள்ளளவு 3 மீட்டர் அகலம், 7.6 மீட்டர் நீளம், மொத்தம் 22.8 சதுர மீட்டர். அறை 12, சமையலறை 5.4, குளியலறை 2.9, மிச்சம் நடைவழி. உயரம் 2.7. அறைச் சன்னல்கள் 2.4 சதுர மீட்டர், சட்டம் கேட்பதைப்போல் இரண்டு மடங்கு. முன்னால் 2 மீட்டர் திண்ணை. மண் தாழ்வான களிமண். மழையில் தண்ணீர் நிற்கும். அதனால் தரையைத் தூண்மேல் ஒரு மீட்டர் உயர்த்தினோம். பாட்டிக்காகப் படியோடு சாய்தளமும் வைத்தோம். இரும்புச் சட்டம், பலகைச் சுவர், கூரைத் தகடு எல்லாம் கழற்றக்கூடியவை. சாதாரண லோரியில் ஏறும்.

மின்கம்பி இல்லாத வீட்டில் ஒரு நாள்

விற்பவரின் பெட்டியில் இரண்டு சோலார் தகடுகள் இருந்தன. "எல்லாம் ஓடும்" என்றாராம். எது எது, எவ்வளவு நேரம் என்று நான் எழுதிப் பார்த்தேன்.

குளிர்சாதனப் பெட்டி நாளுக்கு 1 யூனிட். 50 வாட் மின்விசிறி இரண்டு, பன்னிரண்டு மணி நேரம்: 1.2. விளக்குகள் 0.2. தாத்தா தமிழ்ச் செய்தியும் பாட்டி நாடகமும் பார்க்கும் தொலைக்காட்சி 0.25. சோற்றுப் பானை 0.25. தண்ணீர் மோட்டார், கைப்பேசி 0.2. கூட்டினால் 3.1 யூனிட். நம் நாட்டில் 1 கிலோவாட் சோலார் தகடு சராசரியாக நாளுக்கு மூன்றரை யூனிட் அளவில் தரும். மழைக்காலத்தில் அது கணிசமாகக் குறையும். எனவே 1.8 கிலோவாட், தற்போதைய தகடுகளில் நான்கு. இரண்டு நாள் வெயிலே இல்லாவிட்டாலும் தாங்க 8 யூனிட் மின்கலம். விற்பவர் வைத்திருந்த இரண்டு தகடுகள் போதாது. குளிரூட்டி ஒன்று வைத்து இரவெல்லாம் ஓட்டினால் அதற்கே ஐந்தாறு யூனிட் வேண்டும். மின்கலத்தின் விலை எகிறிவிடும். அதனால்தான் உயர்ந்த தரை, பெரிய சன்னல், நீண்ட கூரை இறக்கம். காற்றோட்டம் வடிவமைப்பில் கிடைத்தால் மின்கலத்தில் வாங்க வேண்டியதில்லை.

தண்ணீருக்கும் அதே கணக்கு. திண்ணையோடு சேர்த்துக் கூரை 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்து, சிந்துவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 64,000 லிட்டர். நாளுக்கு 175. இரண்டு பேருக்குக் கழிவறை, துணி, தோட்டம் எல்லாவற்றுக்கும் தாராளம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் சாலையோரக் குழாயிலிருந்து இணைப்பு. தன்னிறைவு என்பதற்காக எல்லாக் கம்பியையும் குழாயையும் அறுத்தெறிய வேண்டும் என்றில்லை. கிட்டத்தில் இருப்பதை வாங்கிக்கொள்வோம், இல்லாததை நாமே செய்துகொள்வோம்.

மிகக் கடினம் கழிவுநீர்தான். களிமண்ணில் நீர் உறிஞ்சாது, நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது. குழி தோண்டி விட்டால் பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விடும். அங்கீகரிக்கப்பட்ட வகைக் கழிவுநீர்த் தொட்டியும், அதைக் காலாகாலத்தில் உறிஞ்சி எடுக்க லோரி வந்துபோகும் வழியும் வேண்டும். சமூக ஊடகத்தில் வரும் அழகான சின்ன வீட்டுப் படங்கள் எதிலும் இந்தத் தொட்டியைக் காட்டுவதில்லை.

கடிதம் வரட்டும்

மாணவனோ மாணவியோ வரைந்த படத்தை மன்றம் ஏற்காது. பதிவுபெற்ற கட்டடக் கலைஞர், பொறியியலாளர் அல்லது கட்டட வரைவாளர் கையெழுத்திட வேண்டும். என் விரிவுரையாளர் மூலம் ஒருவரைப் பிடித்தோம். அவர் என் படத்தில் பதினொரு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். கழிவுநீர்த் தொட்டியின் இடத்தை மட்டும் மூன்று முறை மாற்றினேன். வகுப்பில் கிடைத்த எந்த மதிப்பெண்ணும் எனக்கு இவ்வளவு கற்றுத் தரவில்லை.

செலவு கூடியது. இரும்புப் பெட்டி 32,000 வெள்ளி. எங்கள் மதிப்பீடு 60,000ஐத் தொட்டது. மாமா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு நான்கு பிள்ளைகளும் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டார்கள். முன்பணம் கட்டவில்லை. தோட்ட நிர்வாகத்திடம் மேலும் சில மாதம் கேட்டிருக்கிறோம். வரைபடம் மன்றத்தில் இருக்கிறது. வடிகால் பற்றி ஒரு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். முடிவு இன்னும் வரவில்லை.

கட்டடக்கலை, பொறியியல், நில அளவை, உள்கட்டமைப்பு என்று எதைப் படிக்க நினைத்தாலும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். விதியை எப்படி ஏமாற்றலாம் என்று தேடுபவருக்கு ஓர் இரும்புப் பெட்டி கிடைக்கும். விதி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவருக்கு வடிவமைப்பின் முதல் பக்கம் கிடைக்கும். விதி தவறாக இருந்தாலும், அயோவாவில் நடந்ததுபோல், அதை மாற்றுவதற்குக்கூட முதலில் அதைப் படித்திருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை நிலத்துக்கு அழைத்துப் போனோம். செம்பனைகளுக்கு நடுவே நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி வீட்டின் அளவைக் காட்டினேன். அவர் காலால் அளந்து உள்ளே நடந்தார். சன்னல் வரும் இடம் எதுவென்று கேட்டு அங்கே போய் நின்றார். பாட்டி சமையலறைக் கயிற்றுக்குள் நின்று, "அடுப்பு இந்தப் பக்கம்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

தாத்தா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். "யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களே?"

"கவுன்சில் கடிதம் கையில வந்துட்டா, சொல்ல மாட்டாங்க தாத்தா" என்றேன்.

"அப்ப கடிதம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, கயிற்றைத் தாண்டாமல், கதவு வரும் வழியாகவே வெளியே வந்தார்.